கடைக்கு 25 வயது: 50,000 ரேண்டை யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உங்கள் கணவரின் குடும்பம் நடத்தும் மசாலா அரைக்கும் கடைக்கு வருகிற ஆகஸ்ட் மாதம் 25 ஆண்டு நிறைகிறது. விருந்து, பேனர், பட்டாசு என்று செலவழிக்காமல் 50,000 ரேண்டை உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பதென்று வீட்டில் முடிவு செய்திருக்கிறீர்கள். பத்து இடங்களுக்கு ஐயாயிரமாகப் பிரித்துக் கொடுக்கலாமா, வரியில் ஏதாவது திரும்பி வருமா, ஊருக்குச் சொன்னால் விளம்பரம் தேடுவதாகத் தோன்றாதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கவலைதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: வியர்வை சிந்திச் சேர்த்த இந்தப் பணம் உண்மையில் யாருக்காவது உதவுமா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் டர்பனில் சிறு கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கணக்கும் வரியும் பார்ப்பவன். பல ஆண்டுகளாக ஒரு முதியோர் இல்லத்துக்குப் பொருளாளராகவும் இருக்கிறேன். கொடுப்பவர் பக்கத்து மேசையிலும் வாங்குபவர் பக்கத்து மேசையிலும் உட்கார்ந்து பார்த்ததுதான் என் தகுதி. வழக்கறிஞர் அல்ல. உங்கள் கணக்குப் புத்தகத்தையும் நான் பார்த்ததில்லை. ஆகவே வரி பற்றிச் சொல்வதைப் பொது விதியாக எடுத்துக்கொண்டு, பணத்தைக் கையைவிட்டு அனுப்புவதற்கு முன் உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து இடங்களுக்குப் பிரிக்காதீர்கள். இரண்டு இடங்கள் போதும், மிஞ்சினால் மூன்று. ஒரே நாளில் மொத்தமாகக் கொடுக்கவும் வேண்டாம், மாதாமாதம் கொடுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

எங்கள் இல்லத்தின் சாமான் அறையை டிசம்பர் மாதத்தில் வந்து பார்த்தால் இது ஏன் என்று விளங்கும். தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டிகள் ஒரு பக்கம், கிறிஸ்துமஸ் ஹாம்பர்கள் இன்னொரு பக்கம், ஜூலை 18 மண்டேலா தினத்தன்று வந்த போர்வைகள் பிரிக்கப்படாமல் மேல்தட்டில். இல்லத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். லட்டையும் சாக்லேட்டையும் அவர்கள் கண்ணில் படாமல் வைப்பதே பராமரிப்பாளர்களுக்குப் பெரும்பாடு. அதே அறையில், பெரியவர்களுக்கான டயப்பர் வைக்கும் தட்டு பல நாள் காலியாக இருக்கும். படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேண்டும். அதை ஹாம்பரில் வைத்து ரிப்பன் கட்டி யாரும் கொண்டு வருவதில்லை. ஜனவரி பிறந்ததும் கொடுப்பவர்கள் எல்லோரும் கைச்சுருக்கத்தில் இருப்பார்கள். பள்ளிகள் திறக்கும், சீருடைச் செலவு வரும், கடைகளில் வியாபாரம் மந்தம். எங்கள் வங்கிக் கணக்கு அடிமட்டத்தைத் தொடுவது அப்போதுதான். இரவு நேரப் பராமரிப்பாளரின் சம்பளமும், மாநகராட்சிக்குக் கட்டும் தண்ணீர், மின்சாரக் கட்டணமும், மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வேனின் பெட்ரோலும் எந்த மாதத்துக்கும் விடுப்புக் கொடுப்பதில்லை.

எனவே ஒரு திட்டம் சொல்கிறேன். இரண்டு நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் மாதம் 2,000 ரேண்ட், ஆகஸ்ட் முதல் அடுத்த ஜூலை வரை. மொத்தம் 48,000. மீதி 2,000 ரேண்டை எதிர்பாராத தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2,000 ரேண்டால் ஓர் இல்லம் நடந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வங்கியில் தானாகவே வந்து விழும் என்று தெரிந்த 2,000 ரேண்டை நம்பி ஒரு பொருளாளர் ஒரு வேலையாளின் நேரத்தைக் கூட்டலாம், மருந்துக் கடைக்கு ஒரு வாக்குக் கொடுக்கலாம். என்றோ ஒரு நாள் காசோலையாக வரும் பணத்தைக் கொண்டு அப்படி எதையும் திட்டமிட முடியாது. கடையின் பணப்புழக்கத்துக்கும் இதுதான் நல்லது. மிளகாய் விலை ஏறி ஒரு மாதம் நெருக்கடி வந்தால்கூட 4,000 ரேண்டைச் சமாளித்துவிடலாம்.

கொடுக்கும்போது "இந்தப் பணத்தில் இதைத்தான் வாங்க வேண்டும்" என்று கட்டுப்போடாதீர்கள். இங்கே பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். தங்கள் பணத்தில் சக்கர நாற்காலி வாங்கி அதில் கடையின் பெயரை எழுதிப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு நிறைவு உண்டு. அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிறுவனத்தை நம்பித்தான் கொடுக்கிறீர்கள் என்றால், எது அவசரம் என்று அங்கே தினமும் நிற்பவர்களே முடிவு செய்யட்டும். நம்பிக்கை வரவில்லை என்றால், கட்டுப்போட்டுக் கொடுப்பதைவிட வேறு நிறுவனத்தைத் தேடுவதே சரி.

எந்த நிறுவனம் என்பதைப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன். நானே ஒன்றில் பொறுப்பில் இருக்கிறேன், அது நியாயமாகாது. எப்படித் தேடுவது என்று சொல்கிறேன். நம் ஊரில் இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அரசு போதுமான பள்ளிகளைக் கட்டித் தரவில்லை. கரும்புத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் உழைத்தவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து பணம் போட்டார்கள், அதன் பேரில் அரசு மானியம் வந்தது. டர்பன் அடங்கிய நேட்டாலில் இந்தியப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் மிகப் பல அப்படித்தான் எழுந்தன. டர்பனின் ஆதரவற்றோர் இல்லமான ஆரியன் பெனவலண்ட் ஹோம் 1921இல் தொடங்கியதும் அதே மனப்போக்கில்தான். கேடோ மேனரிலிருந்தும் மெகசின் பேரக்ஸிலிருந்தும் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர்கள், வந்த இடத்திலும் கோயிலையும் நலச் சங்கத்தையும் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். அரசு செய்யாததை நாமே செய்துகொண்ட சமூகம் இது. அதனால் உங்கள் கடைக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றளவிலேயே ஒரு முதியோர் இல்லமோ, குழந்தைகள் நலச் சங்கமோ, சமையற்கூடமோ இருக்கும்.

அதே சுற்றளவில் வெல்பெடாக்டும் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளினால் கறுப்பின மக்கள் வாழும் உம்லாசி. உங்கள் கடையில் மூட்டை தூக்குபவர்களும் மசாலா வறுப்பவர்களும் பொட்டலம் கட்டுபவர்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருவார்கள். இரண்டு நிறுவனங்களில் ஒன்றை அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தங்கள் தெருவில் எந்தக் குழந்தைக் காப்பகத்தில் மதியச் சாப்பாடு உண்மையிலேயே போடுகிறார்கள், எது பெயருக்கு நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. 2021 ஜூலைக் கலவரமும் 2022 ஏப்ரல் வெள்ளமும் இந்த நகரத்தில் அண்டை வீட்டார் யார் என்ற கேள்வியை நம் எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. இந்தக் கடையின் 25 ஆண்டில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. தேர்விலும் அவர்கள் பங்கு இருக்கட்டும்.

தேர்ந்தெடுத்த பிறகு சரிபார்க்க வேண்டிய ஆவணங்கள் இருக்கின்றன. இங்கே நிறையப் பேர் குழம்பிக்கொள்கிறார்கள், அதனால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். என்பிஓ (லாப நோக்கற்ற அமைப்பு) எண் என்பது சமூக மேம்பாட்டுத் துறை 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தருவது. அது நிறுவனம் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். பிபிஓ (பொதுநல அமைப்பு) எண் என்பது சார்ஸ், அதாவது வருவாய்த் துறை, அந்த நிறுவனத்துக்கே வருமான வரி விலக்குத் தந்திருப்பதைக் காட்டும்; அது 930 என்று தொடங்கும். இந்த இரண்டும் இருந்தாலும் உங்களுக்கு வரிச் சலுகை கிடைத்துவிடாது. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் தனியாக ஒப்புதல் பெற்ற நிறுவனம் தரும் ரசீது இருந்தால்தான் உங்கள் கடை அந்தத் தொகையைக் கழிக்க முடியும். ஒப்புதல் பெற்றவர்களின் பட்டியல் சார்ஸ் இணையத்தளத்திலேயே இருக்கிறது, பெயரைப் போட்டுத் தேடலாம். என்பிஓ பதிவேட்டையும் அப்படியே தேடலாம். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அனுப்பாமல் விட்ட நிறுவனத்தின் பெயருக்கு எதிரே அது தெரியும். நல்ல வேலை செய்யும் சின்னச் சங்கங்கள்கூட எழுதத் தெரிந்த ஆள் இல்லாமல் இதில் பின்தங்கிப் போவதுண்டு. அப்படி ஒன்றை நீங்கள் விரும்பினால் பணத்தோடு சேர்த்து உங்கள் கணக்காளரின் ஒரு பிற்பகல் நேரத்தையும் கொடுங்கள். அவர்களுக்குப் பணத்தைவிட அது பெரிய உதவியாக அமையக்கூடும்.

காகிதத்தோடு நிறுத்தாதீர்கள். விழா இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லிவிட்டுத்தான், நேரில் போங்கள். சமையலறையைப் பாருங்கள், மதியம் என்ன சமைக்கிறார்கள் என்று கேளுங்கள். கடந்த ஆண்டின் தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். தயக்கமில்லாமல் எடுத்துக் காட்டும் இடம் நல்ல இடம். பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தலைவரின் சொந்தக் கணக்குக்கோ, வாட்ஸ்அப்பில் வந்த எண்ணுக்கோ எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள்.

கோயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நம்மவர்கள் எல்லோரும் முதலில் நினைப்பது கோயிலைத்தான், அதனால் சொல்லிவிடுகிறேன். சமயப் பணி பொதுநலப் பணியாகச் சட்டத்தில் ஏற்கப்பட்டது. ஆகவே ஒரு மாரியம்மன் கோயில் பிபிஓ ஆக இருக்கலாம். ஆனால் 18ஏ ரசீது தரத் தகுதியான பணிகளின் பட்டியலில் நலப்பணி, மருத்துவம், கல்வி, வீட்டுவசதி, சுற்றுச்சூழல் போன்றவை இருக்கின்றன, சமயம் இல்லை. கும்பாபிஷேகத்துக்கும், ஆடி மாதக் கூழுக்கும், காவடித் திருவிழாவுக்கும் கொடுப்பது வரியில் கழியாது. அதே கோயில் நிர்வாகம் முதியோருக்கு உணவளிக்கும் திட்டத்தைத் தனிக் கணக்கில் நடத்தி அதற்கு 18ஏ ஒப்புதல் வாங்கியிருந்தால், அந்தத் திட்டத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு ரசீது தரலாம். கோயிலுக்குக் கொடுக்க வேண்டாம் என்பதல்ல என் பொருள். அம்மனுக்குக் கொடுப்பதை வரிக் கணக்கில் எதிர்பார்க்காமல் கொடுங்கள், அவ்வளவுதான்.

இனி வரிக் கணக்கு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி இது. 18ஏ நன்கொடைக்கான கழிவு, அந்தக் கழிவுக்கு முந்தைய வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். அதற்கு மேல் கொடுத்தது வீணாகாது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம். உங்கள் நிறுவனத்தின் வரிக்குரிய வருமானம் 3,00,000 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு 30,000 வரை கழிக்கலாம். 50,000 ரேண்டையும் ஆகஸ்டிலேயே கொடுத்திருந்தால் 20,000 அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். நான் சொன்ன மாதத் திட்டத்தில், உங்கள் நிதியாண்டு பிப்ரவரியில் முடிகிறது என்றால், ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை ஏழு மாதத்துக்கு 28,000. மார்ச் முதல் ஜூலை வரை 20,000. இரண்டும் அந்தந்த ஆண்டின் வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. சாதாரண நிறுவனத்துக்கான 27 விழுக்காட்டு விகிதத்தில் வரி கட்டுபவராக இருந்தால் 48,000 ரேண்டுக்கு 12,960 ரேண்ட் வரி குறையும். சிறு நிறுவனங்களுக்கான குறைந்த விகிதத்தில் கட்டினால் அதைவிடக் குறைவாகத்தான் குறையும். கடை நிறுவனமாக இல்லாமல் உங்கள் கணவர் பெயரிலேயே இருந்தால் அவருடைய தனிநபர் விகிதம் பொருந்தும். எப்படிப் பார்த்தாலும் கொடுத்ததில் பெரும்பகுதி உங்கள் கையிலிருந்துதான் போகிறது. வரிக்காக யாரும் தானம் செய்ய வேண்டியதில்லை. செய்கிற தானத்துக்குச் சட்டம் தரும் பங்கை விட்டுவிட வேண்டியதும் இல்லை.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. சிறு வணிகங்களுக்கான விற்றுமுதல் வரி முறையில் நீங்கள் பதிவு செய்திருந்தால், வரி மொத்த விற்பனையின்மேல் போடப்படுகிறது. செலவு எதையும் கழிப்பதில்லை, நன்கொடையும் அப்படியே. அந்த முறையில் இருப்பவர்களுக்கு 18ஏ ரசீதால் கடைக் கணக்கில் பயன் இல்லை.

பணம் உண்மையில் கைமாறிய ஆண்டில்தான் கழிவு கிடைக்கும். விழாவில் அட்டையில் எழுதிய பெரிய காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, பணத்தை ஏப்ரலில் அனுப்பினால் அது ஏப்ரல் கணக்கு. ரசீது பணம் கட்டியவர் பெயரில்தான் வரும். கடை நிறுவனத்தின் கணக்கிலிருந்து கட்டிவிட்டுக் கணவர் பெயரில் ரசீது கேட்கக் கூடாது. 2023 மார்ச் முதல் ரசீதில் கூடுதல் விவரங்கள் கட்டாயம்: கொடுத்தவர் தனிநபரா நிறுவனமா, அடையாள எண் அல்லது பதிவு எண், வரி எண் இருந்தால் அது, தொலைபேசி, மின்னஞ்சல். இவற்றை முதல் மாதமே ஒரு தாளில் எழுதித் தொண்டு நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். நிதியாண்டு முடிவில் ரசீதுக்காகத் தொலைபேசியில் துரத்துவது இரு பக்கத்துக்கும் தலைவலி.

அரிசி, பருப்பு, எண்ணெய், சோள மாவு என்று கடைச் சரக்காகவும் கொடுக்கலாமா என்று அடுத்து நினைப்பீர்கள். கொடுக்கலாம், அதற்கும் 18ஏ ரசீது உண்டு. ஆனால் கணக்கில் சேர்வது விற்பனை விலை அல்ல, நீங்கள் கொள்முதல் கணக்கில் காட்டிய விலை. சரக்காகக் கொடுக்கும்போது மதிப்புக்கூட்டு வரி எப்படி என்பது நீங்கள் பதிவு பெற்றவரா, எந்தப் பொருள் என்பதையெல்லாம் பொறுத்தது. அதைக் கணக்காளரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் நேரத்துக்கும் வேலையாட்களின் உழைப்புக்கும் ரசீது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிரியாணி சமைத்துப் போட்டால் சாமானுக்கு மட்டும்தான் கணக்கு. நடைமுறையில் இன்னொன்று: உங்கள் கடையின் பெருமை மிளகாய்த் தூள்தான், தெரியும். முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு அது மாதம் ஒரு சின்னப் பொட்டலம் போதும். துவரம் பருப்பும் மஞ்சளும்தான் அங்கே ஓடும். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கொடுத்ததற்குப் பதிலாக நிறுவனத்தின் மதிலில் உங்கள் கடைப் பலகை வைப்பது, நிகழ்ச்சி மலரில் முழுப்பக்க விளம்பரம் போடுவது என்று பேசிக்கொண்டால் அது நன்கொடை அல்ல, விளம்பர ஆதரவு. அதற்கு 18ஏ ரசீது தரக்கூடாது. வணிகச் செலவாக, வருமானம் ஈட்டுவதற்கான விளம்பரம் என்ற வகையில் கழிக்கலாம். அதற்கு 10 விழுக்காட்டு வரம்பும் கிடையாது. இரண்டில் எது என்று முன்கூட்டியே முடிவு செய்து ஒரு கடிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பணத்துக்கு இரண்டு வேடம் போட்டால் பின்னால் சிக்கல் வரும், நிறுவனத்தின் ஒப்புதலுக்கே ஆபத்து வரலாம். "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி வருவது விளம்பரமாகாது.

கல்லாவுக்கு அருகில் உண்டியல் வைப்பதென்றால் அதில் விழுவது வாடிக்கையாளர் பணம். அதை உங்கள் 50,000 ரேண்டில் சேர்க்காதீர்கள், அதற்கு உங்கள் பெயரில் ரசீது வாங்கக்கூடாது, விற்பனையாகவும் பதியக்கூடாது. நிறுவனத்தின் ஆள் வந்து, இருவர் முன்னிலையில் எண்ணி, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும். "ஒரு கிலோ மசாலா வாங்கினால் 2 ரேண்ட் இந்த இல்லத்துக்கு" என்று அறிவிப்பதும் நல்ல யோசனைதான். அறிவித்துவிட்டால் வாக்கு வாக்குதான்: எத்தனை கிலோ விற்றது, எவ்வளவு கொடுத்தோம் என்பதை மாத முடிவில் கடைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். தவறான அறிவிப்பை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொறுத்துக்கொள்ளாது. ஆண்டுவிழாவுக்குக் குலுக்கல் பரிசு வைக்க நினைத்தால் அதற்கும் அந்தச் சட்டத்தில் விதிகள் இருக்கின்றன. தொண்டுக்காக டிக்கெட் விற்றுக் குலுக்குவது லாட்டரிச் சட்டத்துக்குள் வந்துவிடும். அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

நண்பர் ஒருவர் பி.இ.இ., அதாவது கறுப்பின மக்களின் பொருளாதார மேம்பாட்டுக்கான அரசுத் திட்டத்தில், மதிப்பெண் கிடைக்கும் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் ஆண்டு விற்பனை ஒரு கோடி ரேண்டுக்குள், அதாவது பத்து மில்லியனுக்குள் இருந்தால் இதில் ஒன்றும் கிடைக்காது. அந்த அளவுக்குட்பட்ட வணிகங்களுக்கு மதிப்பெண் கணக்கே போடுவதில்லை. யாருக்குச் சொந்தம் என்பதை வைத்து நிலை தானாகவே வந்துவிடும், உறுதிமொழிப் பத்திரம் போதும். சமூகச் செலவுக்கு மதிப்பெண் என்பது பெரிய வணிகங்களின் கதை.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. இப்படிக் கொடுப்பதால் வியாபாரம் கூடுமா? நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் சில கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. விற்பனை ஏறியதும் இறங்கியதும் வாடகை, போட்டி, சாலைப் பணி என்று வேறு காரணங்களோடு பின்னிக் கிடப்பதால், இதைத் தனியே பிரித்து இவ்வளவு என்று யாராலும் காட்ட முடியாது. காட்டுவதாகச் சொல்லும் விளம்பரக்காரர்களை நம்பாதீர்கள். உங்கள் 48,000 ரேண்டால் எத்தனை பேர் வாழ்க்கை மாறியது என்ற கணக்கும் அப்படித்தான். ஒரு முதியவருக்கு இரவில் படுக்கை நனைந்தால் மாற்ற ஆள் இருந்தது என்பதை எந்த எண்ணில் எழுதுவது? சின்ன நிறுவனங்களிடம் பக்கம் பக்கமாக "தாக்க அறிக்கை" கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அறிக்கையை எழுதுபவர், அந்த நேரத்தில் ஒரு குழந்தையின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய சமூகப் பணியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அது போதும்.

வெளியே சொல்வது பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இருந்தாலும் சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர், "மசாலாக் கடைக்காரர் மாதம் 2,000 கொடுக்கிறாராமே, நாம் 300 கொடுத்தால் என்ன" என்று நினைப்பதற்கு அது வழி செய்யும். எங்கள் இல்லத்துக்கு வரும் சிறு தொகைகள் பலவும் அப்படி ஒருவரைப் பார்த்து இன்னொருவர் தொடங்கியவைதான். அறிவிப்பில் நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும், கடையின் பெயர் சிறிதாகவும் இருக்கட்டும். அவர்களுக்கு எப்படி உதவலாம் என்ற விவரமும் இருக்கட்டும். வாங்குகிறவர்களின் முகம் மட்டும் வேண்டாம். உங்கள் கடைப் பையைக் கையில் கொடுத்து வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை இந்த ஊரில் யாராவது நிறுத்தத் தொடங்க வேண்டும், நீங்கள் தொடங்குங்கள். முதியவர்களுக்கும் மானம் உண்டு. குழந்தைகள் இல்லமாக இருந்தால் சட்டமும் குறுக்கே நிற்கிறது: அங்கே இருப்பவர்களில் பலர் குழந்தைகள் நீதிமன்றத்தின் உத்தரவில் வந்தவர்கள், வழக்கில் உள்ள குழந்தை யார் என்று தெரியும்படி எதையும் வெளியிட 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் தடை விதிக்கிறது. சமையலறையையும், புதிதாக அடுக்கிய தட்டையும் படம் எடுத்துப் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வியின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது. கடை திறந்த நாளிலிருந்து உங்களோடு இருக்கும், உம்லாசியிலிருந்து வரும் அக்காவைப் பற்றி. அவருக்கு என்ன செய்யலாம் என்று கேட்காமல், சும்மா குறிப்பிட்டு விட்டுவிட்டீர்கள். 50,000 ரேண்டைத் தொடாமல் அவருக்கென்று தனியாக ஒன்று ஒதுக்குங்கள். தொண்டாக அல்ல, நீண்ட சேவைப் பரிசாக. தொடர்ந்து 15 ஆண்டு வேலை செய்தவருக்கும், அதன் பிறகு ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் தரும் பரிசில், சட்டம் சொல்லும் வரம்பு வரை அவருக்கு வரி பிடிக்க வேண்டியதில்லை. அவர் இடைவெளியின்றி வேலை செய்திருந்தால், 15ம் 10ம் சேர்ந்து இந்த ஆகஸ்டில் சரியாக 25 ஆகிறது. இந்த ஆண்டின் வரம்பு எவ்வளவு என்று கணக்காளரிடம் கேட்டு, சம்பளச் சீட்டில் தனி வரியாகப் பதியச் சொல்லுங்கள். அதைக் கொடுத்த பிறகு, மாதப் பணத்துக்கான இரண்டாவது நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அவரிடமே விடலாம்.